ஒரு கறி விலையும் முப்பது ஆண்டு மௌனமும்

பிலாய் உருக்காலையில் 1979ல் வேலைக்குச் சேர்ந்தவன் நான். சோவியத் நாட்டோடு 1955ல் செய்த ஒப்பந்தத்தால் பிறந்து, 1959 பிப்ரவரியில் முதல் ஊதுலை கண்ட ஆலை அது. ஐந்தாண்டுத் திட்டம் என்பது எங்களுக்குச் சோறு போட்ட சொல். 1991 டிசம்பரில் அந்த நாடே இல்லாமல் போனபோது, "சண்டையே இல்லாம இவ்வளவு பெரிய நாடு எப்படிங்க சாய்ஞ்சுது?" என்று வீட்டில் கேட்டார்கள். பதில் தெரியவில்லை. பின்னாளில் படித்தறிந்ததை இம்மலரில் சொல்கிறேன்.

1962 ஜூன் 1 அன்று சோவியத் அரசு கறி விலையை ஏறக்குறைய 30 சதவீதம் உயர்த்தியது. ராணுவத்துக்கும் கனரகத் தொழிலுக்கும் முதல் பங்கு போனபின் விவசாயத்துக்கு மிஞ்சியது கொஞ்சம். பண்ணைகளுக்குக் கொடுத்த விலை கட்டுப்படியாகவில்லை. தென் ரஷ்யாவின் நோவோசெர்காஸ்க் நகரில், மின்சார ரயில் என்ஜின் ஆலைத் தொழிலாளர்களுக்குக் கூலியும் அப்போதுதான் குறைந்திருந்தது. கறி வாங்க முடியாவிட்டால் ஈரல் பலகாரம் சாப்பிடுங்கள் என்றாராம் ஆலைத் தலைவர். மறுநாள் லெனின் படம் ஏந்தி ஊர்வலம் போனவர்களை ராணுவம் சுட்டது. 26 பேர் மாண்டனர். பிறகு 7 பேருக்கு மரண தண்டனை. உடல்களை ரகசியமாக வெவ்வேறு இடுகாடுகளில் புதைத்தார்கள். அந்நாட்டுப் பத்திரிகைகளில் பல்லாண்டு காலம் ஒரு வரி வரவில்லை.

ஆனால் சுட்டவர்களும் பயந்துபோனார்கள்! 1991 ஏப்ரல் வரை கறியின் அரசு விலையை உயர்த்தவே இல்லை. மானியம் ஏறிக்கொண்டே போனது. 1963 முதல் வெளிநாட்டுத் தானியம் வாங்கினார்கள். 1970களில் எண்ணெய்ப் பணம் கைகொடுத்தது. 1986ல் எண்ணெய் விலை சரிந்தது. கோர்பச்சேவ் 1987ல் ஆலைகளுக்குச் சுதந்திரம் தந்தார். விலைகள் மட்டும் பெரும்பாலும் அரசின் பிடியிலேயே நின்றன. கூலி ஏறிற்று, சரக்கு ஏறவில்லை. கடைகள் காலியாயின. 1992 ஜனவரி 2ல் விலைக் கட்டுப்பாடு தளர்ந்ததும் அந்த ஓராண்டில் விலைவாசி 20 மடங்குக்கு மேல் உயர்ந்தது. முதியோரின் ஆயுட்காலச் சேமிப்பு கரைந்தே போயிற்று.

உலைக்கூடத்தில் வேலை பார்த்தவனுக்கு இது புரியும். அழுத்தமானியை மூடி வெச்சா அழுத்தம் குறைஞ்சிடாது. "முடியலைங்க" என்று கீழிருந்து சொன்ன குரலைத் துப்பாக்கியால் அடக்கியதால், மேலிருந்தவர்களும் நிஜத்தைப் பேச வழியற்றுப் போனார்கள். எங்களுக்குத் தொழில் கற்றுத்தந்த நாட்டிடமிருந்து நான் கடைசியாகக் கற்ற பாடம் இதுதான். நம் பிள்ளைகளும் இதை அறிந்துகொள்ளட்டும்.