கணினிவழி மூலிகை மருந்துத் தேடல்

தாவரங்களில் உள்ள சேர்மங்களுள் எது நோய்க்குக் காரணமான புரதத்தில் பொருந்தி அதன் வேலையைத் தடுக்கக்கூடும் என்று, ஆய்வகச் சோதனைக்கு முன்பே கணித்துப் பொறுக்கும் முறை இது. ஆயிரக்கணக்கான சேர்மங்களைப் பிரித்தெடுத்துச் சோதிக்கும் செலவையும் காலத்தையும் இது பெருமளவு குறைக்கிறது.

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் நன்கு அறிமுகமான கீழாநெல்லியை எடுத்துக்கொள்ளலாம். இலைகளுக்குக் கீழே சிறு காய்கள் வரிசையாகத் தொங்கும் இச்செடியை மலாயில் ‘டுக்கோங் அனாக்’ என்பர். மஞ்சள் காமாலைக்கு இதை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது தமிழர் வழக்கம். இதிலுள்ள ஃபில்லாந்தின் போன்ற சேர்மத்தின் முப்பரிமாண வடிவம் முதலில் கணினியில் ஏற்றப்படும். 1971இல் தொடங்கிய புரதத் தரவு வங்கியிலிருந்து புரதத்தின் வடிவம் எடுக்கப்படும். ஆட்டோடாக் வினா போன்ற மென்பொருள், சேர்மத்தைத் திருப்பியும் வளைத்தும் புரதத்தின் குழிக்குள் பொருத்திப் பார்த்து, பிணைப்பாற்றலை மதிப்பிடும். எதிர்மதிப்பு எவ்வளவு பெரிதோ, பிடிப்பு அவ்வளவு வலுவானது என்று கணிக்கப்படும். இது ‘டாக்கிங்’ எனப்படுகிறது.

மலேசியாவில் இதற்கு நல்ல சான்று, பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தாவரச் சேர்மங்களுக்கான ‘நாடி’ தரவுத்தளம். அதிலிருந்த 3,000 சேர்மங்களைப் பறவைக் காய்ச்சல் கிருமியின் நியூராமினிடேஸ் நொதியோடு பொருத்திப் பார்த்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. தனிச் சேர்மத்தைத் துரத்தாமல், முன்னணிச் சேர்மங்கள் அதிகமாகக் கொண்ட ஐந்து தாவரங்களைத் தேர்ந்தது இதன் சிறப்பு. அவற்றிலிருந்து பிரித்த 12 சேர்மங்கள் நொதியைத் தடுத்தன. மங்குஸ்தானும் அந்தத் தாவரங்களுள் ஒன்று. நொதியின் வேலையைப் பாதியாகக் குறைக்க, சிறந்த இரண்டு சேர்மங்களுக்கே ஏறத்தாழ 90 மைக்ரோமோலார் அளவு தேவைப்பட்டது. நானோமோலார் அளவிலேயே வேலை செய்யும் ஓசல்டமிவிர் என்ற காய்ச்சல் மருந்தோடு ஒப்பிட்டால் இது மிகவும் பலவீனம். ஆயினும் தேடலுக்குத் திசை கிடைத்தது.

இந்தியாவிலும் இத்தகைய முயற்சி உண்டு: சென்னைக் கணித அறிவியல் நிறுவனம் 2018இல் வெளியிட்ட ‘இம்பாட்’ தரவுத்தளம் 1,742 இந்திய மூலிகைகளின் 9,596 சேர்மங்களைத் தொகுத்தது.

கணிப்பைக் குணமென்று கொள்ளக் கூடாது. மனிதரிடம் நடந்த சோதனைகூட ஏமாற்றலாம். 1988இல் சென்னையில் எஸ். பி. தியாகராஜன் குழு, மஞ்சள் காமாலை பி கிருமியை நெடுநாள் சுமந்தவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்தது. 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் மேற்பரப்புப் புரதம் மறைந்தது. வெற்றுமருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அப்படி ஆனது. பிற இடங்களில் நடந்த சோதனைகள் பல இம்முடிவை உறுதிசெய்யவில்லை. கீழாநெல்லியைப் போலவே தோன்றும் இனங்கள் பல. மண்ணும் பருவமும் மாறினால் சேர்மங்களின் அளவும் மாறும். ஆகவே செடியைச் சரியாக இனங்காண்பதே முதல் வேலை.

வட சிலாங்கூரில் இந்த வேலைக்கு அவசரம் உண்டு. பால்மரம் போய்ச் செம்பனை வந்தபின் தோட்டத் தொழிலாளர் லயங்கள் காலியாகிவருகின்றன. செடியைப் பார்த்ததும் இனங்கண்டு பக்குவம் சொல்லும் பெரியவர்களும் குறைந்துவிட்டார்கள். தரவுத்தளத்தில் ஏறாத செடியைக் கணினியால் தேட முடியாது.

உயிரியல் வளங்களையும் அவை சார்ந்த மரபறிவையும் ஆய்வுக்குப் பெற, 2017ஆம் ஆண்டுச் சட்டம் 795இன்படி மலேசியாவில் அனுமதி வேண்டும். வணிகப் பயன்பாட்டிற்கானால் வளத்தை வழங்குவோருடன் பலனைப் பகிரும் ஒப்பந்தமும் வேண்டும்.