கிராண்ட்பாஸ் துறையும் தோம்பில் அடங்காத விசுவாசமும்

களனி கங்கையின் தென்கரையிலே அமைந்த கிராண்ட்பாஸ், தன் பெயரைப் போர்த்துக்கேயரிடமிருந்து பெற்றது. பெருந்துறை என்பதே அதன் பொருள். நாகலகம் எனவும் வழங்கிய இத்துறையிலேதான் கொழும்பிலிருந்து வடக்கே செல்வோர் ஆற்றைக் கடந்தனர். 1822 இல் படகுகளை வரிசையாகப் பிணைத்து இங்கே ஒரு மிதவைப் பாலம் அமைக்கப்பட்டது. 1895 இல் விக்டோரியா பாலம் திறக்கப்பட்டதும் அது மறைந்தது. இன்று நாகலகம் வீதி என்ற பெயர் பெரும்பாலும் வெள்ளக் காலத்தில், ஆற்றின் நீர்மட்டம் பற்றிய செய்திகளிலேயே காதில் விழுகிறது. புனித சூசையப்பர் ஆலயமும், தமிழ், சிங்கள, முஸ்லிம் தொழிலாளர் குடும்பங்களின் நெருக்கமான குடியிருப்புகளும் கொண்ட இப்பகுதியும் அதனை அடுத்துள்ள கொட்டாஞ்சேனையும் கொழும்புக் கத்தோலிக்கரின் பழைய இருப்பிடங்களாகும். இம்மக்களின் முன்னோர் தம் விசுவாசத்தை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எவ்வாறு காத்தனர் என்பது ஆராயத்தக்கதொன்றாகும்.

1656 இல் கொழும்புக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. 1658 இல் அவர்கள் விதித்த கட்டளை, கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரணதண்டனை என அறிவித்தது. குருமார் துரத்தப்பட்டனர், கோயில்கள் சீர்திருத்தத் திருச்சபையின் கைக்கு மாறின. எனினும் இக்கொடிய கட்டளையிலும் பார்க்க ஆழமாக மக்கள் வாழ்வைத் தொட்டது தோம்பு என்னும் பதிவேடேயாகும். ஒவ்வொரு பள்ளியிலும் உபாத்தியாயர் ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் அதிற் பதிந்தார். அப்பதிவு இல்லாதவிடத்து விவாகம் சட்டப்படி செல்லாது. பிள்ளை முதுசத்துக்கு உரிமை கோர முடியாது. அரசாங்க உத்தியோகத்துக்கும் அரசு ஏற்ற சமயமே வாயிலாயிற்று.

இந்நிலையில் ஒரு சாதாரண குடும்பத்தவன் என்ன செய்வான்? பகலிலே பிள்ளையை உபாத்தியாயரிடம் கொண்டுசென்று தோம்பிற் பதிந்தான். இரவிலே வீட்டில் விளக்கைத் தணித்துச் செபமாலை சொன்னான். இரகசியமாக ஒரு குருவானவர் வருவாராயின், அதே பிள்ளையை அவர் முன்னிலையிலும் நிறுத்தினான். இது பொய்மையன்றோ எனக் கேட்கலாம். தூய நோக்கில் விசுவாசம் வெளிப்படையாக அறிக்கையிடப்படவேண்டியதே. ஆயினும் பிள்ளையின் பங்குக் காணியையும் மனைவியின் மானத்தையும் பணயமாக வைத்துக் கேட்கப்பட்ட கேள்விக்கு அவன் அளித்த இரட்டை விடையைக் கோழைத்தனம் என்று ஒதுக்குவது நீதியாகாது. அடைக்கலம் கொடுப்பது சாவுக்குரிய குற்றமென அறிந்தும், இரவில் கதவைத் தட்டிய அந்நியனுக்கு அதனைத் திறந்தவனும் அவனே.

அவ்வாறு கதவு தட்டியவருள் முதல்வர் கோவையைச் சேர்ந்த யோசேவாஸ் அடிகளார். ஈண்டுக் கோவை என்றது கோவா நாட்டையே. 1651 இல் பிறந்த அவர், 1687 இல் கூலியாள் வேடத்தில் இலங்கையில் வந்திறங்கினார். கத்தோலிக்கர் யாரென வெளிப்படையாக விசாரித்தல் ஆபத்தாகையால், கழுத்திலே செபமாலை அணிந்து வீடு வீடாகப் பிச்சை ஏற்றார். அம்மாலையைக் கண்டு எவர் முகம் மாறுகிறதென்பதே அவருக்கு அடையாளமாயிற்று. யாழ்ப்பாணத்துச் சில்லாலையில் அவருக்குப் புகலிடம் கிடைத்தது. 1689 நத்தார் காலத்தில் ஒல்லாந்தர் செபக்கூட்டத்தினுள் புகுந்து பலரைச் சிறைப்பிடித்தனர். தண்டனையாலும் சிறைவாழ்வாலும் உயிர்நீத்தோரும் உளர். அடிகளார் தப்பிப் புத்தளம் சென்று, 1692 இல் கண்டியை அடைந்து, ஒற்றர் என்ற ஐயத்திற் சிறைப்பட்டார். பின்னர் பௌத்த மன்னனாகிய இரண்டாம் விமலதர்மசூரியனே அவருக்கு உரிமையும் பாதுகாப்பும் நல்கினான். 1697 இல் கண்டியில் அம்மைநோய் பரவி மக்கள் நோயாளரைக் கைவிட்டு ஓடியபோது, சமய வேறுபாடு பாராது அவர்களைப் பராமரித்தவர் அடிகளார். 1690 களில் அவர் இரகசியமாகக் கொழும்புக்கும் வந்து இங்குள்ள மக்களைச் சந்தித்தார். 1711 இல் கண்டியிலே காலமான அவருக்கு 2015 இல் காலிமுகத்திடலிற் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது.

ஆனால் ஒரு குரு ஆண்டில் எத்தனை நாள் ஓரூரில் தங்க முடியும்? எஞ்சிய நாட்களில் விசுவாசத்தைத் தாங்கியோர் மூப்பரும் அண்ணாவியாருமே. வரலாற்று நூல்கள் குருமாரின் பெயர்களைப் போற்றுமளவுக்கு இவர்களைப் போற்றுவதில்லை என்பது குறையே. மூப்பர் சபையின் காரியங்களைக் கவனித்தார். அண்ணாவியார் பிள்ளைகளுக்கு மந்திரங்களைச் சொல்லிக் கொடுத்தார், ஞாயிறு தோறும் செபம் நடத்தினார், சாகுந் தறுவாயில் உள்ளவன் அருகே இருந்து வாசித்தார். யாழ்ப்பாணத்திலே கூத்துப் பழக்குபவரைக் குறிக்கும் அண்ணாவி என்ற அதே சொல்லே இது. அண்ணாவிறால, மூப்புறால எனச் சிங்களக் கத்தோலிக்கரிடையும் இச்சொற்கள் வழங்குவதைக் கொண்டு, இம்முறை எவ்வளவு ஆழமாக வேரூன்றியதென்பதை உணரலாம்.

அவர்கள் வாசிப்பதற்கு நூல் வேண்டுமே. 1705 இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் அக்குறையை நீக்கினார். தமிழிலும் சிங்களத்திலும் அவர் எழுதியவை பல. ஒல்லாந்தரிடம் 1730 களிலேயே கொழும்பில் அச்சுக்கூடம் இருந்தது. அடிகளாரிடமோ ஏடும் எழுத்தாணியுமே இருந்தன. ஏட்டுப் பிரதிகள் கைமாறிக் கைமாறி வீடுகளை அடைந்தன. அவரது வியாகுல பிரசங்கம் தவக்காலத்திலே ஈழத்துத் தமிழ்க் கத்தோலிக்கரால் இராகத்துடன் வாசிக்கப்பட்டு வந்துள்ளது.

மறுபக்கத்திலும் உண்மையான பற்றுடையோர் இருந்தனர் என்பதை மறத்தலாகாது. கொழும்பிற் பிறந்த பிலிப்பு தெ மெல்லோ 1750 இல் சீர்திருத்தத் திருச்சபையின் குருவாக அபிஷேகம் பெற்ற தமிழர். 1859 இல் வெளிவந்த சைமன் காசிச்செட்டியின் தமிழ் புளூட்டாக் அவரைப் புலவர் வரிசையிலே வைத்துப் பேசுகிறது. அத்தகையோரின் உழைப்பையும் மலிவுபடுத்தியது தோம்பு முறையே எனலாம்.

1796 இல் கொழும்பு பிரித்தானியர் வசமாயிற்று. 1801 இல் புரட்டஸ்தாந்து கிறிஸ்தவராகக் கணக்கிடப்பட்டோர் 342,000 பேர். பதிவுக்கும் உத்தியோகத்துக்கும் இருந்த கட்டு அவிழவே, ஒரு பத்தாண்டுக்குள் அத்தொகை பாதிக்கும் கீழாகச் சரிந்தது. விட்டகன்றோர் சிவாலயங்களுக்கும் விகாரைகளுக்கும் திரும்பினர். உண்மையில் அவர்கள் மனத்தளவில் என்றுமே அகன்றிருக்கவில்லை. 1806 இல் ஆள்பதி மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கியபோது, எந்தச் சலுகையும் பெறாத அச்சமூகம் குலையாது நின்றது.

துன்பத்தில் நின்றவர்கள் சுதந்திரத்தில் எவ்வாறு நடந்தனர் என்பதையும் நோக்குதல் வேண்டும். 1883 மார்ச் 25 உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனைத் தீபதுத்தாராம விகாரைக்குச் சென்றுகொண்டிருந்த பௌத்தரின் பெரஹராவைக் கத்தோலிக்கர் ஆயுதங்களுடன் வழிமறித்துத் தாக்கினர். தம் மூதாதையரின் குருவுக்குப் புகலளித்தவன் ஒரு பௌத்த மன்னன் என்பதை அன்று எவரும் நினைத்ததாகத் தெரியவில்லை. கலகத்துக்குக் காரணமாயிருந்தோர் எவரும் தண்டிக்கப்படவில்லை. நீதி கேட்டுப் பௌத்தர் சார்பில் கேணல் ஒல்கொட் 1884 இல் லண்டன் சென்றார். 1885 முதல் வெசாக் பௌர்ணமி அரசாங்க விடுமுறை நாளாயிற்று.