தோட்டாவைக் கடித்தவர் யார்?

'பைட் தி புல்லெட்' என்னும் ஆங்கில மரபுத்தொடர், தவிர்க்க இயலாத துன்பத்தை மனந்துணிந்து ஏற்பதைக் குறிக்கும். கொழுப்புத் தடவிய என்ஃபீல்டு தோட்டாக்களைக் கடிக்கச் சிப்பாய்கள் மறுத்த 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியிலிருந்தே இது பிறந்தது என்றொரு விளக்கம் பரவலாகப் பகிரப்படுகிறது. அவ்விளக்கம் இரண்டு இடங்களில் இடறுகிறது.

முதலாவது, பொருள். சிப்பாய்கள் கடிக்க வேண்டியிருந்தது வெடிமருந்தைப் பொதிந்த காகித உறையை, ஈயக்குண்டை அன்று. ஆங்கிலத்தில் முன்னது 'கார்ட்ரிஜ்', பின்னது 'புல்லெட்'. தமிழில் 'தோட்டா' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் வழங்குவதால், இப்பிழை நம் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை.

இரண்டாவது, காலம். பிரான்சிஸ் குரோஸ் தொகுத்த கொச்சைச்சொல் அகராதியின் 1796-ஆம் ஆண்டுப் பதிப்பில் 'நைட்டிங்கேல்' என்றொரு பதிவு உண்டு. கசையடியின்போது அலறும் படைவீரனை 'பாடும் பறவை' என்று எள்ளும் சொல் அது. அந்த இழிவுக்கு அஞ்சிச் சில படைப்பிரிவுகளின் கிரனேடியர்கள் ஈயக்குண்டை மென்றபடி அடி வாங்கினர் என்கிறார் குரோஸ். இவ்வழக்கம் 1857-க்கு 61 ஆண்டுகள் முன்னரே பதிவாகிவிட்டது.

பிரித்தானியப் படையில் கசையடி 1881-இல் ஒழிந்தது. பத்தாண்டுக்குப் பின், 1891-இல் வெளிவந்த கிப்ளிங்கின் 'தி லைட் தட் ஃபெயில்ட்' நாவலில், பார்வையிழந்து கலங்கும் நாயகனுக்கு நண்பன் கூறும் தேறுதலாக இத்தொடர் இடம்பெறுகிறது. தண்டனை மறைந்தது, அது கற்பித்த மௌனம் ஆண்மையின் இலக்கணமாக எஞ்சியது.

இந்தியத் தொடர்பு அறவே இல்லை என்பதன்று. கம்பெனியின் இந்தியச் சிப்பாய்களுக்கான கசையடியை 1835-இல் பெண்டிங்க் நீக்கினார். 1845-இல் அது மீண்டும் நடைமுறைக்கு வந்தது. ஆகவே 1857-இன் சிப்பாயும் கசையை அறிந்தவனே.

இன்று இத்தொடரை நாம் மிகுதியும் கேட்பது மானியக் குறைப்பு, ஆட்குறைப்பு போன்ற 'கடினமான முடிவுகள்' பற்றிய பேச்சில். அங்கே குண்டைக் கடிப்பவராகப் போற்றப்படுபவர் முடிவெடுப்பவர். அடி விழுவதோ வேறொருவர் முதுகில். தமிழில் 'பல்லைக் கடித்துக்கொண்டு' என்னும்போது பல்லும் வலியும் பெரும்பாலும் ஒருவருக்கே உரியவை. ஆங்கிலத் தொடரிலோ எழுவாய் இடம்பெயர்ந்துவிட்டது. ஒரு மரபுத்தொடரின் வரலாற்றை ஆராய்வோர் அதன் பிறந்த நாளோடு அதன் எழுவாயையும் தேட வேண்டும்.