கிட்டங்கியின் மூன்றாண்டுக் கணக்கு

காரைக்குடியின் பெரிய வீடுகளை வியந்து நிற்கும் நாம், அவற்றுக்காகக் கடல் கடந்து உழைத்த ஊழியர்களை அதிகம் நினைப்பதில்லை.

பர்மாவிலும் மலாயாவிலும் இருந்த நகரத்தார் வட்டிக்கடைகளுக்குச் சென்ற ஏஜெண்டுகளின் தவணை பெரும்பாலும் மூன்றாண்டு. சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாக ஊரிலேயே கிடைத்துவிடும். கிட்டங்கியில் ஊர்ச் சமையல். உணவு, சலவை, மருத்துவம் ஆகிய செலவுகள் முதலாளியைச் சேர்ந்தவை. தவணை முடிவில் இலாபத்தில் ஒரு பங்கு ஊக்கத்தொகை. பிறகு ஊரில் ஓய்வு. நம் நாட்டில் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் 1948இல்தான் இயற்றப்பட்டது என்பதைக் கருதினால், இது மதிக்கத்தக்க ஏற்பாடே.

ஆயினும் ஊக்கத்தொகை இலாபத்துக்கு உரியது. உடல்நலச் செலவு, ஆள் தவணை முழுதும் தாக்குப்பிடிப்பதற்கு. பெரும்பாலோர் மனைவி மக்களை ஊரில் விட்டே கப்பலேறினர். புறப்பட்டபின் பிறந்த குழந்தையைத் தகப்பன் காண்பதற்குள் அது ஓடியாடத் தொடங்கியிருக்கும். சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரம் தமது 'கடலுக்கு அப்பால்' நாவலில் காட்டுவது இவ்வட்டிக்கடை உலகைத்தான்.

இன்று நிறுவனங்கள் நடைப்பயிற்சிக்கும் உடற்பரிசோதனைக்கும் வெகுமதி அறிவிக்கின்றன. நல்லதே. வீட்டாருடன் இருக்கும் பொழுதையும் நலக்கணக்கில் அவை சேர்க்கின்றனவா என்று நாம் கேட்க வேண்டும். கிட்டங்கிப் பேரேட்டில் விடுபட்ட பற்று அதுதான்.