பழைய இரும்பு

மெர்சிங்கில் பாட்டி வீட்டு வழியாக வாரம் ஒருமுறை ஒரு லோரி வரும். கூரைமேல் கட்டிய ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல், 'சூராட் காபார் லாமா, பெசி பூரோக்' என்று இழுத்துக்கொண்டே போகும். பழைய பேப்பர், பழைய இரும்பு. சின்ன வயதில் அந்தக் குரலைத்தான் எங்களுக்குப் பூச்சாண்டியாகக் காட்டினார்கள். சோறு சாப்பிடாவிட்டால் பெசி பூரோக்காரனிடம் போட்டுவிடுவோம் என்று.

2023 மே மாதக் கடைசியில் விடுப்பில் பாட்டி வீட்டில் இருந்தேன். கோப்பி குடித்துக்கொண்டே கைப்பேசியைத் தடவியபோது, உலகத்திலேயே பெரிய பெசி பூரோக் லோரி எங்கள் ஜொகூர் கிழக்குக்கரையில் பிடிபட்ட செய்தி வந்தது. சுவான் ஹோங் 68. சீனாவின் பூசோவில் பதிவான தூர்வாரும் கப்பல். தஞ்சோங் செடிலிக்கு அப்பால் நின்றுகொண்டிருந்ததை மே 28 அன்று மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனம் பிடித்தது. உள்ளே 32 பேர், மலையாகக் குவிந்த துருப்பிடித்த இரும்பு, நடுவே பழைய பீரங்கிக் குண்டுகள். ஜொகூரில் ஒரு பழைய இரும்புக் கிடங்கில் போலீஸ் கைப்பற்றிய வெடிக்காத குண்டுகளோடு இவற்றைச் சேர்த்துப் பார்த்தார்கள். பிரிட்டிஷ் போர்க்கப்பல்களான பிரின்ஸ் ஆப் வேல்ஸ், ரிப்பல்ஸ் இரண்டையும் பிய்த்து எடுத்த இரும்பு இது என்று சந்தேகம் எழுந்தது. லண்டன் வரைக்கும் ஒரே கலவரம்.

கப்பலைப் பிடித்ததற்குச் சொன்ன முதல் குற்றம், அனுமதியில்லாமல் நங்கூரம் போட்டது. 840 பேரின் கல்லறையைக் கிண்டியதாகச் சந்தேகம். எழுதிய சம்மன், நிறுத்தக்கூடாத இடத்தில் வண்டியை நிறுத்தியதற்கு. இதைச் சொல்லிச் சிரித்தேன். அப்புறம்தான் யோசித்தேன், கையில் இருக்கிற சட்டத்தைத்தானே அதிகாரி எடுப்பார்? அந்தக் கப்பல்கள் கிடப்பது கரையிலிருந்து வெகுதூரத்தில். போர்க் கல்லறை என்று பிரிட்டன் அறிவித்த சட்டம் அங்கே பிரிட்டிஷ்காரர்களை மட்டும்தான் கட்டுப்படுத்தும். 2017இல் இதே கப்பல் இதே மாதிரி வேலைக்கு இந்தோனேசியாவிடம் பிடிபட்டுத் தப்பியிருக்கிறது. 2016இல் ஜாவா கடலுக்குள் போன முக்குளிப்பாளர்கள் டச்சுப் போர்க்கப்பல்களைத் தேடி, கப்பல் கிடந்த பள்ளத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தார்கள். முழுக்கப்பலே இல்லை.

பின்கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1941 டிசம்பரில் ஜப்பான்காரனைப் பயமுறுத்த சர்ச்சில் அனுப்பிவைத்த கப்பல்கள் அவை. அதில் பிரின்ஸ் ஆப் வேல்ஸ் அந்த ஆகஸ்டில்தான் சர்ச்சிலை ஏற்றிப்போய் ரூஸ்வெல்ட்டோடு அட்லாண்டிக் சாசனம் பேசவைத்தது. எல்லா மக்களுக்கும் தங்கள் ஆட்சியைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை என்று அதில் இருந்தது. அடுத்த மாதமே, அது ஐரோப்பாவுக்குத்தான், நம்ம சாம்ராஜ்யத்துக்கு இல்லை என்று சர்ச்சில் நாடாளுமன்றத்தில் விளக்கம் கொடுத்தார். டிசம்பர் 8 மாலை சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய கப்பல்கள், 10ஆம் தேதி மதியம் குவாந்தானுக்கு அப்பால் ஜப்பானிய விமானங்களால் மூழ்கின. துணைக்கு ஒரு விமானம்கூட இல்லை.

செய்தி வந்த அன்றே குடும்ப வாட்சப் குழுவில் ஒரு விஞ்ஞானி பிறந்தார். எங்கள் சித்தப்பா. அணுகுண்டு வெடிப்பதற்கு முன்னால் உருக்கிய இரும்பில் கதிரியக்கத் தூசு இருக்காதாம், அதனால் தங்கத்தைவிட விலையாம். பாதி உண்மை. 1945க்குப் பிறகு காற்றில் கலந்த தூசு உலைக்குள்ளும் போனது. நுட்பமான அளவைக் கருவிகளுக்குப் பழைய இரும்பைத் தேடியதும் நடந்தது. ஆனால் 1963இல் வல்லரசுகள் வானவெளிச் சோதனையை நிறுத்த ஒப்பந்தம் போட்ட பிறகு அந்தத் தூசு குறைந்துகொண்டே வந்து, இன்றைய இரும்பே பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். இதற்காக யாரும் 60 மீட்டர் ஆழத்துக்குக் கிரேன் இறக்க வேண்டியதில்லை. அந்த இரண்டு கப்பல்களிலும் ஏற்கெனவே காணாமல்போனது வெண்கலச் சுழலிகள். பெசி பூரோக் லோரிக்காரரும் முதலில் கேட்பது பித்தளை, செம்பைத்தான். வியாபாரம் வியாபாரம்தான். குழுவில் இதை நீளமாக எழுதினேன். சித்தப்பா ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அதே செய்தியை வேறொரு குழுவுக்கு அனுப்பினார்.

நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்து இரும்பில் வயிறு வளர்ப்பவன். பாசிர் கூடாங்கில் வேலை. எங்கள் யார்டுக்கு ஒரு தகடு வந்தால் அதன் மேல் ஹீட் நம்பர் அடித்திருக்கும். எந்த ஆலை, எந்த உருக்கு, கார்பன் எவ்வளவு, எந்த நாள் சோதித்தார்கள், எல்லாம் மில் சர்ட்டிபிகேட்டில் இருக்கும். தகட்டை நாலாக வெட்டினால் நாலு துண்டிலும் அந்த எண்ணை மறுபடி எழுதவேண்டும். எண் அழிந்த துண்டு பெசி பூரோக், கப்பலில் சேர்க்கமுடியாது.

அன்று பாட்டி செய்தியைக் கேட்டுவிட்டு, "செத்தவங்க பேரெல்லாம் தெரியுமாப்பா?" என்றார். தெரியும் பாட்டி, 840 பேருக்கும் பட்டியல் இருக்கு. பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்கள் அந்த வழியாகப் போனால் நின்று மரியாதை செய்துவிட்டுப் போவார்கள். பிரின்ஸ் ஆப் வேல்ஸின் மணியை 2002இல் முறையாக அனுமதி வாங்கி எடுத்து, லிவர்பூல் மெர்சிசைடு அருங்காட்சியகத்தில் கொடுத்தார்கள். (மெர்சியும் மெர்சிங்கும் சொந்தமில்லை. கேட்டுவிடாதீர்கள்.) பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. "குடுத்து வச்சவங்க" என்றார்.

பாட்டியின் அப்பா சயாமுக்குப் போனவர்.

எங்கள் பக்கத்தில் போர் என்றால் மெர்சிங் கடற்கரைதான். ஜப்பான்காரன் இங்கேதான் இறங்குவான் என்று ஆஸ்திரேலியப் படைகள் முள்கம்பி போட்டு, கண்ணிவெடி புதைத்துக் காத்திருந்தன. 1942 ஜனவரி 26 அன்று ஜப்பானியக் கப்பல்கள் வடக்கே எண்டாவுக்கு வந்தன. சிங்கப்பூரிலிருந்து அவற்றைத் தாக்க வந்த விமானங்களில் பல, துணிபோர்த்திய பழைய இரட்டை இறக்கை விமானங்கள். வரிசையாக விழுந்தன. அன்றிரவு மெர்சிங்–ஜெமாலுவாங் சாலையில் நித்ஸ்டேல் தோட்டத்தில் ஆஸ்திரேலிய 2/18ஆம் பட்டாளம் ஜப்பானியர்களை ரப்பர் மரங்களுக்கு நடுவே மறைந்திருந்து தாக்கியது. விடிவதற்குள் தங்கள் தரப்பிலும் நூறு பேர் அளவில் இழந்தது. அந்த ஒரு இரவைப் பற்றி மணிக்கணக்கு வாரியாக ஆஸ்திரேலியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். எந்தப் பிரிவு எந்த மேட்டில் நின்றது என்று வரைபடமே இருக்கிறது.

நான் பார்த்த எந்த வரைபடத்திலும் தோட்டம் ஒரு பச்சைக் கட்டம். லாயம் எங்கே, கிணறு எங்கே, சண்டை நடந்த ராத்திரி ஆட்கள் எந்தப் பக்கம் ஓடினார்கள் என்பது அதில் வராது. தப்பில்லை, அது அவர்களுடைய வரைபடம். நாம் ஏன் ஒன்றும் வரையவில்லை என்றுதான் எனக்குக் கோபம். அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அப்போது பாட்டிக்கு நாலு வயது. அவருக்கு ஞாபகம் இருப்பது சண்டை இல்லை, அதற்குப் பிறகு தின்ற மரவள்ளிக்கிழங்கு. ரப்பருக்கு விலையில்லை, அரிசி இல்லை. அடுத்த வருடம் சயாமில் வேலை, மூணு மாசம், நாளுக்கு ஒரு வெள்ளி, அரிசி உண்டு என்று ஆள் எடுத்தார்கள். பாட்டியின் அப்பா அரிசிக்காகப் போனார். லோரியில் ஏறும்போது மகளுக்கு என்ன சொன்னார் என்பதைப் பாட்டி ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி சொல்வார். நான் திருத்துவதில்லை.

415 கிலோமீட்டர் பாதை. போர்க்கைதிகள் 60,000 பேர் அளவில். அவர்களில் 12,000க்கும் மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் 1,80,000க்கும் மேல் என்றும், செத்தவர்கள் 90,000 அளவில் என்றும் மதிப்பிடுகிறார்கள். போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் புல்தரை வெட்டிய கல்லறைத் தோட்டம். அங்கே மட்டும் 6,982 பேர். நம் ஆட்களுக்கு மதிப்பீடுதான். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார். பள்ளி வரலாற்றுப் புத்தகத்தைவிட எனக்கு அதிகம் சொன்னவை இந்த இரண்டு நாவல்கள்தான்.

இரும்புக் கதைக்குத் திரும்பி வருகிறேன். சயாம் பாதைக்குத் தண்டவாளம் எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி மலாயாவிலிருந்தே. நம்ம கிழக்குக்கரை ரயில் பாதையைப் பல மைல் நீளத்துக்குப் பெயர்த்து எடுத்துப்போனார்கள். ஆளும் இரும்பும் ஒரே திசையில் போனது. போர் முடிந்ததும் பிரிட்டிஷ்காரன் கணக்குப் பார்த்தான். சயாமுக்குள் இருந்த பாதையைச் சயாம் அரசிடம் 12,50,000 பவுண்டுக்கு விற்று, எந்தெந்த நாட்டு ரயில்வேயிலிருந்து பொருள் போனதோ அவற்றுக்கு ஈடு கொடுத்தான். தண்டவாளத்துக்கு ஈடு வந்தது. படித்தபோது யார்டு ஞாபகம்தான் வந்தது. துண்டுக்குத் துண்டு எண் எழுதியிருக்கிறார்கள்.

அப்புறம் 1967. சீன சமூகத்தினர் 'ரத்தக் கடன்' என்று வருடக்கணக்காகக் குரல் கொடுத்த பிறகு, ஜப்பான் மலேசியாவுக்கு 2 கோடியே 50 லட்சம் வெள்ளி மதிப்பில் ஈடு தர ஒப்புக்கொண்டது. பணமாக இல்லை, இரண்டு சரக்குக் கப்பல்களாக. அழகான பெயர்கள், செம்பருத்தியும் மல்லிகையும். நாட்டின் கப்பல் நிறுவனம் அவற்றை வைத்துத்தான் தொழில் தொடங்கியது. அரசைப் பொறுத்தவரை கணக்கு அதோடு முடிந்தது. சயாமில் செத்தவனின் பங்கு அந்த இரண்டு கப்பல்களில் எந்த ஆணியில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க எந்தச் சர்ட்டிபிகேட்டும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், சிலருக்குப் பிடிக்காது. சயாம் பாதையின் இரண்டு முனைகளும் சேர்ந்தது 1943 அக்டோபர் 17. சிங்கப்பூரில் நேதாஜி தற்காலிக அரசை அறிவித்தது அக்டோபர் 21. நாலு நாள் இடைவெளி. எங்கள் வீட்டுக் கூடத்தில் நேதாஜி படம் இருக்கிறது, தாத்தா மாட்டியது. தோட்டத்தில் கூலி என்று கூப்பிடப்பட்டவனை முதல்முறையாகச் சிப்பாய் என்று கூப்பிட்டவர் அவர், அதை மறுக்கமுடியாது. தாத்தாவுக்கு அந்தப் படம் பெருமை. பாட்டி சாமிப் படங்களுக்குப் பூப்போடும்போது அதை மட்டும் தாண்டிப் போவார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. இரண்டும் ஒரே வீட்டில் அறுபது வருடம் குடித்தனம் நடத்தின.

அன்றைக்குப் பாட்டி கேட்ட கேள்வி என்னை விடவில்லை. போரில் இறந்த காமன்வெல்த் படையினரின் பட்டியலை இணையத்தில் தேடலாம். கிராஞ்சி நினைவுச் சுவரில் இருக்கும் பெயர்கள் அதில் உண்டு, இந்தியப் படையின் தமிழ்ப் பெயர்கள் உட்பட. கொள்ளுத்தாத்தாவின் பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுத்துக்கூட்டித் தேடினேன். கிடைக்காது என்று தெரியும், அவர் படைவீரர் இல்லை. தெரிந்தேதான் தேடினேன். பிறகு, எல்லாரும் செய்கிற மாதிரி, ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டேன்.

அது உடனே சொன்னது. பெயர், வயது 31, மலாயாத் தோட்டத் தொழிலாளி, காலராவில் இறந்த தேதி 1943 ஆகஸ்டு 14, காஞ்சனபுரிக் கல்லறையில் இத்தனையாவது வரிசை. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒரு அரை நிமிடம் நம்பினேன் என்று ஒப்புக்கொள்கிறேன். அப்புறம்தான் உறைத்தது, அந்தக் கல்லறை போர்க்கைதிகளுக்கானது. "ஆதாரம்?" என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறொரு தேதி கொடுத்தது.

இங்கேதான் நான் தடுமாறினேன். பாட்டிக்கு வேண்டியது வரிசை எண் இல்லை, ஒரு தேதி. செத்த நாள் தெரிந்தால் திதி கொடுக்கலாம். தெரியாததால் எண்பது வருடமாக ஆடி அமாவாசையில் பொதுவாகப் படைக்கிறார்கள். 'ஆகஸ்டு 14 பாட்டி, இணையத்தில் இருக்கு' என்று நான் சொல்லியிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? சித்தப்பாவைத் திருத்திய கை அந்தச் செய்தியை இரண்டு நாள் அழிக்காமல் வைத்திருந்தது. கடைசியில், "தேதி கெடைக்கல பாட்டி" என்றேன். "எங்கேர்ந்துப்பா கெடைக்கும்" என்றார், முறுக்கு டின்னைத் திறந்தபடி.

அந்த வருடம் ஆடியில் இரண்டு அமாவாசை வந்தது. ஜூலை 17, ஆகஸ்டு 16. எது சரி என்று வாட்சப்பில் பெரிய சண்டை, சித்தப்பாவிடம் இரண்டு தரப்புக்கும் காணொளி இருந்தது. பாட்டி இரண்டுக்கும் படைத்தார். இரண்டாவது தடவை விடுப்பு எடுத்துப் போயிருந்தேன். பச்சரிசிச் சோறு, கருவாடு கிடையாது, வாழைக்காய், உளுந்து வடை. மரவள்ளிக்கிழங்கு மட்டும் வைக்கக்கூடாது, அது ஜப்பான்காரன் சோறு. தேதியே இல்லாத மனுசனுக்கு இந்த வருசம் ரெண்டு தேதி என்று சொல்லிப் பாட்டியே சிரித்தார். காக்காய்க்கு வைத்த சோற்றை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனபோது, முன்பக்கத்துச் சாலையில் அந்த லோரி வந்தது. "தம்பி, பழைய கிரைண்டர் ஒண்ணு கெடக்கு. எவ்வளவு குடுப்பான்னு கேளு" என்றார் உள்ளேயிருந்து.