குழந்தைத் தோட்டமும் ஒரு போதகரின் மகனும்

1851ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் பிரஷ்ய நாட்டில் ஓர் அரசாணை பிறந்தது. சமயத்திற்கும் கல்விக்கும் பொறுப்பேற்றிருந்த அமைச்சர் கார்ல் ஆட்டோ ஃபான் ரௌமர் அதனை வெளியிட்டார். நாட்டிலுள்ள ‘கிண்டர்கார்ட்டன்’ பள்ளிகள் யாவும் மூடப்பட வேண்டும் என்பதே அதன் சாரம். அவை ஃப்ரோபெலின் சமவுடைமைத் திட்டத்தின் ஒரு பகுதி என்றும், இளைஞரை நாத்திகத்திற்குப் பழக்கும் நோக்கமுடையவை என்றும் காரணம் கூறப்பட்டது. மூன்று முதல் ஆறு வயதுடைய பிள்ளைகள் பந்து உருட்டிப் பாடி, காகிதம் மடித்து, அவரை விதை ஊன்றி நீர் வார்த்த இடங்களே இவ்வாறு நாட்டுக்கும் திருச்சபைக்கும் ஆபத்தானவை எனக் கருதப்பட்டன. இக்குற்றச்சாட்டின் பொருள் யாது? அதற்கு ஆளானவர் ஒரு லுத்தரன் போதகரின் மகன், ஒரு கண்காணிப்பாளரின் மருமகன், இன்னொரு போதகரின் தம்பி என்னும் செய்தியோடு இதனை ஆராய்வது நமக்குப் பயனுடைத்து.

ஆணையில் ஒரு பிழையும் இருந்தது. பெண்களின் உயர்கல்வியையும் குழந்தைத் தோட்டங்களையும் பற்றித் துணிவான கருத்துகளை எழுதியவர் கார்ல் ஃப்ரோபெல். கிண்டர்கார்ட்டனைத் தோற்றுவித்தவரோ அவருடைய சிறிய தந்தையாகிய ஃபிரெட்ரிக் ஃப்ரோபெல். இருவரையும் அமைச்சகம் ஒன்றாக எண்ணிவிட்டது. பிழை சுட்டிக்காட்டப்பட்ட பின்னும் ஆணை மீட்கப்படவில்லை. ஆகவே ஆள்மாறாட்டம் மட்டுமே காரணமன்று; 1848ஆம் ஆண்டுப் புரட்சியைக் கண்டு அஞ்சிய அரசும் அதற்குத் துணைநின்ற திருச்சபையாரும் இப்பள்ளிகளில் வேறெதையோ கண்டு கலங்கினர் எனக் கொள்ளவேண்டும்.

அக்கலக்கத்தை விளங்கிக்கொள்ள நாம் ஹாலே நகருக்குத் திரும்ப வேண்டும். தரங்கம்பாடிக்குச் சீகன்பால்குவையும் அவர் வழிவந்தோரையும் அளித்த ஹாலே தமிழ்த் திருச்சபைக்கு அந்நியமன்று. ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே 1695இல் அங்கு ஏழைப் பிள்ளைகளுக்கெனத் தொடங்கிய பள்ளி, பின்னர் அனாதை இல்லமும் அச்சகமும் மருந்துச்சாலையும் கொண்ட பெருநிறுவனமாயிற்று. குழந்தையின் சுயசித்தம் முறிக்கப்பட வேண்டும் என்பது பிராங்கேயின் கல்விக் கொள்கை. மனிதன் பிறவியிலேயே பாவத்திற்கு உட்பட்டவனாதலின், கண்காணிப்பு இடைவிடாது இருத்தல் வேண்டும். விளையாட்டோ வீணான காலப்போக்கு. ஆயினும் பிள்ளைகளுக்கு ஓய்வு தேவைப்பட்டது. அவ்வோய்வு நேரத்தில் விளையாட்டுக்குப் பதிலாகப் பயனுள்ள கைத்தொழில்களும் செடிகளைக் கற்றலும் தரப்பட்டன. ஹாலேயின் உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு தாவரத் தோட்டமும் இருந்தது. இங்ஙனம் விளையாட்டை வெளியே தள்ளிய அதே மரபு, தோட்டத்தை உள்ளே வரவிட்டது. தரங்கம்பாடியிலும் பின்னர்ச் சென்னையிலும் பணியாற்றிய ராட்லர் தமிழகராதி தொகுத்த கையாலேயே ஆயிரக்கணக்கான செடிகளை உலர்த்தித் தொகுத்தார் என்பதும் இம்மரபின் விளைவே எனலாம்.

ஹாலேயில் ஆசிரியராயிருந்த ஜொஹான் ஜூலியஸ் ஹெக்கர் பின்னர்ப் பெர்லின் திருத்துவ ஆலயத்தின் போதகராகி, 1747இல் அங்கு ஒரு தொழில்முறைப் பள்ளியை நிறுவினார். அப்பள்ளிக்கும் ஒரு தோட்டம் அமைந்தது. ஆனால் அங்கே தோட்டம் மாணவனுக்காக அன்று, நாட்டின் பொருளாதாரத்திற்காக இருந்தது. பட்டுத்தொழிலை வளர்க்க விரும்பிய அரசனுக்கு முசுக்கட்டை வளர்க்கத் தெரிந்த பள்ளி ஆசிரியர்கள் வேண்டியிருந்தனர்.

இதற்கு மாறாக, வோஜ் மலைப்பகுதியின் வால்டர்ஸ்பாக் சிற்றூரில் 1767இல் போதகராகப் பொறுப்பேற்ற ஜான் ஃபிரெட்ரிக் ஓபர்லினின் பணி மனத்தைக் கவர்வது. பெற்றோர் வயலுக்குச் சென்றபின் கவனிப்பாரற்றுத் திரிந்த சிறு பிள்ளைகளைச் சாரா பான்சே என்னும் இளம்பெண் தன் வீட்டில் கூட்டிப் பின்னல் வேலை கற்பித்து வருவதை அவர் அறிந்தார். அதனைத் திருச்சபையின் பணியாக ஏற்று விரிவாக்கினார். பின்னர் லூயிஸ் ஷெப்லர் இப்பணியைப் பல்லாண்டு தாங்கினார். பிள்ளைகள் பின்னிக்கொண்டே பாடினர். தம் மலையின் செடிகளைப் பெயர்சொல்லி அறிந்தனர். திடப்படுத்தல் பெற வரும் ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு மரங்கள் நட்டதற்குச் சான்று கொண்டுவர வேண்டும் என்று ஓபர்லின் விதித்ததாகவும் அறிகிறோம். ஞானோபதேச வினாவிடையை மனப்பாடம் செய்து ஒப்புவித்தாற் போதும் என்று நாம் விட்டுவிடும் இடத்தில், அவர் மண்வெட்டியையும் கேட்டார்.

ஃப்ரோபெல் 1782ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் தூரிங்கியக் காட்டுப்பகுதியிலுள்ள ஓபர்வைஸ்பாக்கில் பிறந்தார். ஒன்பது மாதக் குழந்தையாயிருக்கும்போதே தாய் இறந்தார். தந்தையின் சபை ஆறேழு சிற்றூர்களில் சிதறியிருந்தது. ஏறத்தாழ 5000 பேர். அவர் கண்டிப்பான, உழைப்பில் சலியாத, வைதிகம் வழுவாத போதகர். தம் மகனுக்கு மட்டும் அவரிடம் நேரமில்லை. மாற்றாந்தாய்க்கு மகன் பிறந்ததும் மூத்தவன் வீட்டில் வேண்டாதவனானான். பிற்காலத்தில் ஃப்ரோபெல் எழுதிய வாழ்க்கைக் குறிப்பில், ஆலயத்தின் நிழலில் சுவர்களாலும் வேலிகளாலும் அடைபட்டிருந்த அவ்வீட்டையும், அதனுள் தனக்குத் துணையாயிருந்த தோட்டத்தையும் நினைவுகூர்கிறார். சபை வளர, மகன் வாடினான். போதகர்கள் வாசிக்கும் இதழாதலின் இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அவ்வீட்டில் நிகழ்ந்த ஒன்று மட்டும் நின்று நோக்கத்தக்கது. தந்தை தம் சபையாரின் குடும்பச் சச்சரவுகளைக் கண்டித்துப் பேசுவதைச் சிறுவன் ஒதுங்கியிருந்து கேட்பதுண்டு. ஆண், பெண் என்னும் வேறுபாட்டிலிருந்தே இத்தனை துயரமும் விளைகிறதாயின், கடவுள் அதனை ஏன் வைத்தார் என்பது அவன் உள்ளத்தை வருத்திய வினா. இறையியல் பயின்றுகொண்டிருந்த தமையன் கிறிஸ்டோஃப் விடுமுறையில் வந்திருந்தபோது, ஹேசல் செடியின் அரும்பிலுள்ள சிவந்த இழைகளை அவனுக்குக் காட்டி, பூக்களிலும் ஆண்மை பெண்மை உண்டு, அவ்வேறுபாட்டினாலேயே காய் உண்டாகிறது என்று விளக்கினான். அன்று முதல் தன் மனக்கலக்கம் தணிந்ததென்றும், மனித வாழ்வும் செடியின் வாழ்வும் ஒரே நூலில் கோத்தவை எனத் தனக்குத் தோன்றியதென்றும் ஃப்ரோபெல் எழுதுகிறார். பின்னாளில் அவர் எழுதிய நூல்களில் இருண்ட பகுதிகள் பல. அவற்றை வாசிப்போர் அந்த அரும்பை மறவாதிருந்தால் வழி தவறார்.

பத்து வயதில் தாய்மாமன் ஹாஃப்மன் அவரைத் தம் வீட்டிற்கு அழைத்துக்கொண்டார். ஸ்டாட்இல்ம் நகரின் சபைக் கண்காணிப்பாளராகிய இவர் அன்பும் நம்பிக்கையும் உடையவர். வனக்காவலரிடம் பயிற்சி, சிறிது காலம் யேனாவில் கல்வி, நில அளவை எனப் பல தொழில்களில் அலைந்தபின், 1805இல் பிராங்பர்ட் பள்ளியொன்றில் ஃப்ரோபெல் ஆசிரியரானார். மறு ஆண்டுகளில் ஹோல்ட்ஸ்ஹௌசன் குடும்பத்துப் பிள்ளைகள் மூவருக்கு ஆசிரியராயிருந்தபோது, அவர்களுடைய தந்தையிடம் ஒரு துண்டு நிலம் கேட்டுப் பெற்று அதில் அவர்களைப் பயிரிடச் செய்தார். 1808 முதல் 1810 வரை அவர்களோடு இவர்தோனில் பெஸ்டலோசியிடம் தங்கிக் கற்றார்.

நெப்போலியனுக்கு எதிரான போரில் தொண்டராகச் சேர்ந்த இடத்தில் மிடன்டார்ஃப், லாங்கத்தால் என்னும் இரு இறையியல் மாணவர்களின் நட்புக் கிட்டியது. அதே 1813ஆம் ஆண்டு தமையன் கிறிஸ்டோஃப், காயமுற்ற போர்வீரரைப் பேணும்போது காய்ச்சல் தொற்றி இறந்தார். ஹேசல் அரும்பைக் காட்டிய அந்தத் தமையன் விட்டுச்சென்ற மூன்று ஆண்மக்களைக் கற்பிக்கவே ஃப்ரோபெல் 1816இல் கிரீஸ்ஹைமில் பள்ளி தொடங்கினார். அடுத்த ஆண்டு அது கைல்ஹாவ் சிற்றூருக்குப் பெயர்ந்தது. நண்பர் இருவரும் அங்கே வந்து சேர்ந்தனர்.

சிறு குழந்தைகளின்பால் அவர் கவனம் திரும்பியது ஐம்பது வயதைக் கடந்த பின்னரே. 1837இல் பிளாங்கன்பர்க்கில் அவர் தொடங்கிய நிறுவனத்திற்கு நெடுநாள் தக்க பெயர் அமையவில்லை. 1840இன் இளவேனிலில் மிடன்டார்ஃபுடனும் பாரோப்புடனும் குன்றைக் கடந்து வரும்போது, கீழே விரிந்த பள்ளத்தாக்கைக் கண்டு நின்றவர் ‘கிண்டர்கார்ட்டன்’ என்று கூவினாராம். அவ்வாண்டு ஜூன் 28ஆம் நாள், அச்சுக்கலையின் நானூறாம் ஆண்டு விழாவோடு இணைத்து அப்பெயர் பொதுவில் அறிவிக்கப்பட்டது.

பெயர் வெறும் உருவகமன்று. ஃப்ரோபெல் தம் பள்ளிகளில் மெய்யான தோட்டத்தையே கோரினார். அதன் அமைப்பையும் வரைந்து காட்டினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனக்கெனச் சிறு பாத்தி. இடம் குறைவாயின் இரு பிள்ளைகளுக்கு ஒன்று. அப்பாத்திகளைச் சூழ்ந்து அனைவருக்கும் பொதுவான பாத்திகள். அவற்றுள் பூச்செடிகளும் காய்கறிகளும் தானியங்களும். செடியின் பெயரும் பிள்ளையின் பெயரும் பலகையில் எழுதி நடப்படும். பொதுப்பாத்தியில் ஆசிரியரின் வழிகாட்டலின்படியே வேலை நடக்கும். தன் பாத்தியிலோ பிள்ளை விரும்பியதை விரும்பியவாறு நடலாம். பேணலாம், பேணாமலும் விடலாம். நீர் வார்க்க மறந்தால் செடி வாடும். வாடியதை ஆசிரியர் மறைத்து மாற்றி நடுவதில்லை. தனியானது பொதுவானதால் சூழப்பட்டுக் காக்கப்படுகிறது என்பது இவ்வமைப்புக்கு அவர் தந்த விளக்கம். உடலையும் உறுப்புகளையும் குறித்துப் பவுலடியார் கூறியதை இது நினைவூட்டுகிறது. ஆயினும் ஃப்ரோபெல் அதனை மனத்திற்கொண்டே வரைந்தார் என்று சாதிக்க நான் துணியேன்.

வகுப்பறைக்குள்ளும் கைகளே முதலிடம் பெற்றன. வண்ணக் கம்பளிநூற் பந்துகள் ஆறு, மர உருண்டையும் உருளையும் கனசதுரமும், எட்டாகப் பிரியும் கனசதுரம் ஆகியவற்றைக் குழந்தை பிரித்துச் சேர்த்து நாற்காலியும் பாலமும் ஆலயமும் கட்டும். காகிதப் பின்னல், மடிப்பு வேலை, ஊறவைத்த பட்டாணியில் குச்சிகளைச் செருகி உருவங்கள் அமைத்தல் ஆகியனவும் உண்டு. தன் கையால் பகுத்துக் கூட்டிய பின்னரே குழந்தைக்கு எண்ணின் பெயர் கிட்டியது.

இதில் நாத்திகம் எங்கே? 1826இல் வெளிவந்த ‘மனிதனின் கல்வி’ என்னும் நூல், யாவற்றையும் ஆளும் நித்திய நியதியையும் அதன் மூலமாகிய கடவுளையும் கூறியே தொடங்குகிறது. எனினும் அந்நூலை ஒரு வைதிகப் போதகர் ஐயத்தோடு வாசித்திருப்பின் அவரை முற்றும் குறைகூற இயலாது. எல்லாவற்றிலும் கடவுள் உறைகிறார் என்னும் கூற்று, எல்லாமே கடவுள் என்னும் கொள்கைக்கு மிக அருகில் சென்றுவிடுகிறது. மனிதனின் ஒவ்வொரு குறைக்கும் அடியில் நசுக்கப்பட்ட ஒரு நற்பண்பே கிடக்கிறது என்று ஃப்ரோபெல் கருதினார். பாவத்தைக் குறித்த இப்போதனை மெலிந்தது என்பதே என் கருத்து. மீட்பின் தேவை அதில் தெளிவாகப் புலப்படவில்லை. ஆனால் ஹாலேயின் போதனையிலும் ஒரு குறை உண்டு. குழந்தையின் சித்தத்தை முறிக்க முற்பட்டவர்கள், முறிக்கும் தம் சித்தமும் அதே பாவத்திற்கு உட்பட்டது என்பதைப் போதுமான அளவு எண்ணிப் பார்த்தாரில்லை. நூலில் ஃப்ரோபெல் சொல்லாது விட்டதை, வாடிய செடியின்முன் நிற்கும் குழந்தைக்கு அவருடைய தோட்டம் ஓரளவு சொல்லிற்று.

தடை எதிர்பாராத பயனையும் தந்தது. எருசலேமில் துன்பம் எழுந்தபோது சிதறியவர் சென்ற இடமெல்லாம் போதித்தது போல, ஜெர்மனியை விட்டு நீங்கியோர் கிண்டர்கார்ட்டனை உடன் கொண்டு சென்றனர். 1851இல் லண்டனிலும், 1856இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து வாட்டர்டவுனிலும் ஜெர்மானியப் பெண்களின் முயற்சியால் அது வேரூன்றியது. பின்னாளில் வேறொரு கல்வி மரபினரான மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கிச் செடி, பூச்சிகளைக் கொண்டு குழந்தைகளுக்குக் கற்பித்ததும் நம் நிலத்தில் நிகழ்ந்ததே. நம் ஆலய வளாகங்களில் ‘எல்.கே.ஜி.’, ‘யு.கே.ஜி.’ என்னும் பலகைகள் தொங்குகின்றன. அவற்றிலுள்ள கடைசி எழுத்து தோட்டத்தைக் குறிப்பது. பலகைக்குக் கீழே பெரும்பாலும் சிமெண்டுத் தளமே இருக்கிறது.

பிரஷ்யத் தடை 1860இல் நீக்கப்பட்டது. அதனைக் காண ஃப்ரோபெல் உயிரோடில்லை. 1852ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் மாரியன்தாலில் இறந்த அவரை அருகிலுள்ள ஷ்வைனா ஊரின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தனர்; கல்லின்மேல் கனசதுரமும் உருளையும் உருண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. கடைசி நாள்களை உடனிருந்து கண்ட மிடன்டார்ஃப் ஒரு செய்தியை எழுதி வைத்திருக்கிறார். நோயாளி சன்னல்களைத் திறந்து வைக்கச் சொன்னார். தம் பூக்களைப் பேணுமாறு வேண்டினார். பின்னர், தமது திருமுழுக்கின்போது ஞானப்பெற்றோர் எழுதிக் கொடுத்த பழைய மடலை எடுத்துவரச் செய்து, அதனை உரக்க வாசிக்கும்படி கேட்டார்.