தூணும் கருமணலும்: குளச்சலில் ஒரு மலைக்காரன்

கொடைக்கானல் மேல்மலையில் பூண்டி எங்க ஊரு. படிப்படியா வெட்டின பூண்டு வயலையும் மேகத்தையும் படம் பிடிக்க வெளியூர்க்காரர்கள் காரில் வருவார்கள். வயலில் குனிந்திருக்கிறவள் படத்தில் விழுந்தால் அதுவும் ஓர் அழகு. அவள் யார், கூலி என்ன என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை. ஏரியை 1863இல் லெவிஞ்சு துரை வெட்டினார் என்று எல்லாரும் சொல்கிறார்கள். மண் சுமந்தவன் பேரும், ரோடு வருவதற்கு முன்னால் வெள்ளைக்காரக் குடும்பங்களை நாற்காலியோடு தோளில் தூக்கி மலையேறினவன் பேரும் எந்தப் பலகையிலும் கிடையாது.

பார்க்கப்படுகிற ஊரிலேயே பிறந்தவன் ஒருமுறை பார்க்கிறவனாகப் போனேன். நாகர்கோவிலில் தோழர் வீட்டுக் கல்யாணம். முடிந்ததும், "வந்தது வந்தீரு, நாலு எடம் பார்த்துட்டுப் போவும்" என்றார் அவர்.

முதலில் குளச்சல். கடற்கரைக்குப் பக்கத்தில் வெற்றித்தூண். 1741 ஆகஸ்ட் 10இல் திருவிதாங்கூர் அரசன் மார்த்தாண்டவர்மாவின் படை டச்சுக் கம்பெனியை இந்தத் துறைமுகத்தில் தோற்கடித்தது. ஆசிய அரசு ஒன்று ஐரோப்பியக் கம்பெனியை வென்ற கதை என்று பெருமையாகச் சொல்கிறார்கள். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் சண்டை எதற்கு? மிளகுக்கு. மிளகு வாணிகத்தை யார் கையில் வைப்பது என்பதற்கு. டச்சுக்காரன் பதினேழாம் நூற்றாண்டில் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் பஞ்சத்தில் விலைபோன தமிழர்களைக் கப்பலேற்றிப் பத்தாவியாவுக்குக் கொண்டுபோனவன். ஜெயித்த ராஜ்ஜியத்திலும் மனிதர்கள் நிலத்தோடு சேர்த்தும், நிலம் இல்லாமல் தனியாகவும் விற்கப்பட்டார்கள். அடிமை வைத்திருந்த இரண்டு பேர் மோதிக்கொண்டதில் எவன் ஜெயித்தால் புலையனுக்கும் பறையனுக்கும் என்ன?

1836 கணக்கெடுப்பில் திருவிதாங்கூரின் மொத்த சனம் சுமார் 12,80,000. அதில் அடிமைகள் ஏறத்தாழ 1,65,000. எட்டுப் பேருக்கு ஒருவர்.

அடுத்து புலியூர்க்குறிச்சி, உதயகிரிக் கோட்டை. குளச்சலில் பிடிபட்ட டிலனாய் அதே ராஜாவின் படைத்தலைவனாகி, 1777இல் இறந்து, இங்கே புதைக்கப்பட்டிருக்கிறார். கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. எதிரியாக வந்தவனுக்கே இரண்டு பாஷையில் கல்லு! பொறாமையாகத்தான் இருந்தது.

பத்மநாபபுரம் அரண்மனையில்தான் எனக்கு மூச்சு முட்டியது. மர வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. கண்ணாடி போல வழுவழுத்த கருந்தரை. வழிகாட்டி எங்களை ஊட்டுப்புரைக்குக் கூட்டிப் போனார். மேலேயும் கீழேயுமாக இரண்டாயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடலாமாம், பிராமணர்களுக்குத் தினம் இலவசச் சாப்பாடாம். "பெரிய தர்மம் சார்" என்றார். இரண்டாயிரம் இலைக்கு அரிசி எங்கேயிருந்து வந்தது? நாஞ்சில் நாட்டு வயலிலிருந்து. அங்கே சேற்றில் நின்றது யார்? மாட்டுக்குப் பக்கத்தில் நுகத்தில் மனிதனையும் பூட்டி உழுதார்கள் என்று மிஷனரிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். காய்கறி, விறகு, இலை என்று ஊட்டுப்புரைக்கு வேண்டியதைக் கூலியில்லாமல் சுமந்து கொடுப்பது 'ஊழியம்'. சுமந்தவன் கிட்டே வரக்கூடாது, தூரத்தில் வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். அந்தத் தர்மத்துக்குப் படியளந்தது நம்ம ஆளு. இதை வழிகாட்டியிடம் சொன்னேன். "அதெல்லாம் அந்தக் காலம் சார்" என்று அடுத்த கட்டுக்கு நடந்துவிட்டார்.

1853இல் அரை விடுதலை, அரசாங்க அடிமைகளுக்கு இனிமேல் பிறக்கும் பிள்ளைகளுக்கு மட்டும். 1855இல்தான் அடிமைமுறையைச் சட்டம் கைவிட்டது. விடுதலை வந்தது, நிலம் வரவில்லை. விட்ட ஆளையே அதே வயல் கூலிக்குக் கூப்பிட்டது. பொதுவழியில் நடப்பதற்கே 1893இல் அய்யன்காளி வில்லுவண்டி ஏறிச் சண்டைபோட வேண்டியிருந்தது. கோயில் கதவு திறக்க 1936 ஆனது.

சாயங்காலம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை. மணல் கறுப்பு. பிள்ளைகள் கையில் அள்ளிச் சிரித்தார்கள். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன்காரர், திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலை வைத்தே இதில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அதிலிருந்து எடுக்கும் தோரியம் ஐரோப்பாவின் கேஸ் விளக்கு மேன்டிலுக்குப் போனது. முதல் உலகப்போரில் அவரைப் பிடித்து உள்ளே போட்டு, தொழிலை இங்கிலாந்துக் கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. இப்போது நடத்துவது 1950இல் தொடங்கிய இந்திய அருமணல் நிறுவனம். இந்தக் கறுப்பு மணலில் உள்ள இல்மனைட்டிலிருந்துதான் வெள்ளைப் பெயிண்டுக்கான தூள் எடுக்கிறார்கள். மோனசைட்டால் இந்தக் கரையில் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற ஊர்களைவிட அதிகம். கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் தோண்டப் போவதாகச் செய்தி வந்ததும் கடற்கரைச் சனம் தெருவுக்கு வந்தது. அதற்கு முன்னால், 2016இல், குளச்சலுக்குப் பக்கம் இனயத்தில் பெரிய துறைமுகம் என்றார்கள். அதையும் எதிர்த்தார்கள்.

வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் வெற்றித்தூணைப் பற்றிக் கேட்டேன். "அது ராசாக்கமாரு காரியம்" என்றார். பிறகு 2004 டிசம்பர் 26 காலையைச் சொல்ல ஆரம்பித்தார். அலை எதுவரை வந்தது, யார் வீட்டில் யார் போனார்கள் என்று தெருவாரியாக, பேர் பேராகச் சொன்னார். ஒரு பேர் வாயில் வராமல் நின்றபோது, உள்ளேயிருந்து அவர் மருமகள் எடுத்துக் கொடுத்தாள். இருட்டும் வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.